இரண்டாவது ஆள்

அன்றைக்கு நான் தட்டிய ஏழாவது கதவு அது. தனியாக வசிப்பவர்களுக்கு வீட்டு வரியில் கால்பங்கு தள்ளுபடி உண்டு. தனியாள் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் குடும்பமாக இருப்பவர்களைப் பிடிக்க, வரிப் பட்டியலையும் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே முகவரியில் இரண்டாவது ஆள் தட்டுப்பட்டால், நேரில் போய் விசாரிப்பது என் வேலை. கேட்டால் விருந்தாளி என்பார்கள். விருந்தாளியின் சட்டைகள் பீரோவில் பாதியை அடைத்திருக்கும்.

கதவைத் திறந்த அம்மா பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். மஞ்சள் சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. ஒரே அறை. ஒரு தலையணை, கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இங்கே இரண்டாவது ஆள் இல்லை. இருந்தாலும் கேட்டாக வேண்டும்.

"பதிவுல இன்னொருத்தர் இருக்காரும்மா. போன பிப்ரவரியில இந்த முகவரி குடுத்து லைசென்ஸ் புதுப்பிச்சிருக்காரு."

பெயரைப் படித்தேன். பிறந்த தேதியையும் படிக்கச் சொன்னார். படித்தேன். கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த பிப்ரவரி?"

"இந்த வருஷம்தாம்மா."

"எம் பையன், தம்பி. அப்பாகூட சண்ட போட்டுட்டுப் போனான். ஒம்போது வருஷமாச்சு. ரெண்டு தடவ பொணத்தக் காட்டி இவனான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்." சுவரில் சாய்ந்துகொண்டு, "அவன் அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு" என்றார்.

நாற்பது லட்சம் பெயர்களைச் சலித்தது அந்தக் கணினி. ஏமாற்றுக்காரரைத் தேடச் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம்.

"கதவு நம்பர் என்ன போட்டிருக்கான்?" என்று திடீரென்று கேட்டார்.

"நாப்பத்திமூணு."

"நல்லாப் பாருங்க. பதினெட்டா இருக்கும்."

"இல்லம்மா, நாப்பத்திமூணுதான்."

அவர் என்னையே பார்த்தார். "அவன் போறப்ப இது பதினெட்டு. தெருவுக்கே நம்பர் மாத்தி நாலு வருஷந்தான் ஆவுது. அப்புறம் வந்து பாத்திருக்கான்."

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தோம், அங்கே இன்னும் யாரோ நிற்பதைப்போல.

"அவன் பேர எடுத்துருவீங்களா?"

"இங்க இல்லன்னா எடுக்கணும்மா."

"வேணாம். அந்தத் தள்ளுபடிய எடுத்துக்குங்க. பேரு இருக்கட்டும்."

பதிவிலிருந்த அவனுடைய கைபேசி எண்ணை அவரிடம் கொடுக்க எனக்கு அனுமதியில்லை. ஆனால் இரண்டாவது ஆளையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக அதை ஆபீசிலிருந்துதான் செய்வேன். இப்போது இங்கேயே கைபேசியை எடுத்தேன். "நான் பேசறேம்மா. ஃபோன உங்ககிட்ட தரட்டுமான்னு அவருகிட்டயே கேக்கறேன்."

அவர் தலையாட்டினார். எண்ணை அழுத்தினேன்; மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. அவர் எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த கடையின் ஓரத்தில் போய் நின்றார். அங்கிருந்து தன் வீட்டையே முதல்முறை பார்ப்பவரைப்போல எட்டியெட்டிப் பார்த்தார்.

"தம்பி," என்று அங்கிருந்தே கத்தினார். "இங்கேர்ந்து பாத்தா அடுப்பு வரைக்கும் தெரியுது!"

என் காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.