எடுத்த இடத்தில் வைக்காத பைட்

பார்சல் கிடங்கின் கணினிகள் எல்லாம் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போய்விட்டன. அக்காவும் தம்பியும் நடத்திய சின்னக் கம்பெனிக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கையாளர் அந்தக் கிடங்குதான். தம்பி எழுதிய டீபக்கர் லினக்ஸில் ஓடினால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டீபக்கர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் தோளைத் தட்டி நிறுத்தி, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி. தம்பியுடையதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் பதில் வரும். நிறுத்துகிற வித்தை எளிமையானது. புரோகிராம் என்பது நினைவகத்தில் வரிசையாகக் கிடக்கும் பைட்டுகள், அதாவது சின்னச் சின்ன எண்கள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கிருக்கும் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, 'நில்' என்னும் பைட்டை அங்கே செருக வேண்டும். புரோகிராம் அதை மிதித்ததும் நிற்கும். உடனே விண்டோஸோ லினக்ஸோ, கணினியை நடத்தும் இயங்குதளம் டீபக்கருக்குத் தகவல் சொல்லும்.

லினக்ஸில் ஓடவைத்துவிட்டான் தம்பி. ஆப்பிளின் மேக் கணினியிலும் முயன்றபோது அது வாசலிலேயே மறித்துவிட்டது. இன்னொரு புரோகிராமைத் தொட அதற்கு முத்திரை போட்ட அனுமதி வேண்டுமாம். "அத அப்புறம் பாத்துக்கலாம்டா" என்றாள் அக்கா. அப்புறம் என்று ஒன்று இருந்தால்தானே!

கிடங்கில், பார்சல்களைச் சுமந்து ஓடும் பட்டையருகே கணினி முன் தம்பியை உட்காரவைத்தார் கிடங்கின் இன்ஜினியர்; அக்கா பின்னால் நின்றாள். பட்டையை ஓட்டும் புரோகிராமில், கிழிந்த முகவரிச் சீட்டு ஒட்டிய பார்சல்களைக் கவனிக்கும் பகுதியில் 'நில்' வைத்தான் தம்பி. இன்ஜினியரே ஒரு சீட்டைக் கிழித்து அனுப்பினார். பட்டை நின்றது. திரையில் மதிப்புகள் வரிசையாக விழுந்தன.

"பரவாயில்லையே! இதுக்குத்தான் உங்க அக்கா இவ்ளோ பேசினாங்களா?"

"நான் கம்மியாத்தான் சார் பேசினேன்" என்றாள் அக்கா.

தம்பி பட்டையை ஓடவிட்டு, டீபக்கரை மூடினான். பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. விண்டோஸில் டீபக்கரை மூடினால் அது பிடித்திருந்த புரோகிராமும் கூடவே செத்துவிடும். இங்கே சாகவில்லை. அக்கா அவன் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள்.

இன்ஜினியர் வரவழைத்த டீயை மூவரும் வாயில் வைக்கும்போது பட்டை நின்றது. புரோகிராம் செத்திருந்தது. எங்கிருந்தோ தானாகவே ஒரு கிழிந்த சீட்டு வந்திருந்தது.

தம்பிக்குச் சட்டென்று புரிந்தது. எடுத்த பைட்டை அவன் திரும்ப வைக்கவே இல்லை. விண்டோஸில் வைக்கத் தேவை இருந்ததில்லை. செத்த புரோகிராமுக்கு எதற்குப் பைட்? இத்தனை வருஷப் பழக்கம். லினக்ஸில் சோதித்தபோதும் மாதிரிப் புரோகிராமை ஒவ்வொரு முறையும் அவனே கொன்றுவிட்டான். இங்கே அது பிழைத்து, 'நில்'லை வயிற்றில் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதை மறுபடி மிதித்தபோது தகவல் கேட்க டீபக்கர் இல்லை. அப்படிக் கேட்க யாருமில்லாவிட்டால் லினக்ஸ் அந்தப் புரோகிராமையே கொன்றுவிடும்.

"சார், சின்ன விஷயம்தான். வெளிய வரும்போது பழைய பைட்ட வச்சிட்டா..."

"தம்பி, உங்க டீபக்கர் வெளிய போன பிறகு செத்துது பாருங்க, அதுதான் எனக்குப் பயம். கூட இருக்கும்போது செத்திருந்தாக்கூட ஏத்துக்குவேன்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "லினக்ஸ்கூட வர்ற டீபக்கரையே வச்சுக்கறோம்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் வலித்தது.

திரும்பும் வழியில் அக்கா கார் ஓட்டினாள். தம்பி மடிக்கணினியைத் திறந்து, திருத்தத்தை எழுதினான். மாதிரிப் புரோகிராமில் 'நில்' வைத்தான், வெளியே வந்தான், அதே இடத்தை மறுபடி மிதிக்கவிட்டான். அது பாட்டுக்கு ஓடியது.

"என்னடா, ஓடுதா?"

"ஓடுதுக்கா. அருமையா ஓடுது."

"ம்." அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கம்பெனி போர்டக் கழட்ட ஸ்க்ரூடிரைவர் நம்மகிட்ட இருக்காடா, யார்கிட்டயாவது கேக்கணுமா?"