முத்துமாரி நனைத்த போர்வை

"அம்மா, வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். எடுக்கறதுக்குள்ள வந்து அப்பாவப் பாரும்மா," என்று இளவரசி மறுபடியும் சமையலறைக் கதவைத் தட்டினாள்.

வெளியே திரிலோக்புரிச் சந்தில் டிரைவர், "ஜல்தி கரோ பையா," என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான்.

கதவு கொஞ்சம் திறந்தது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரு பக்கத்துல உக்காருவேன்? நான்தான்டி கொன்னுட்டேன்," என்றாள் பவுனு.

"ஹார்ட் அட்டாக்னு டாக்டரு சொன்னாரே!"

"அவருக்கு என்ன தெரியும்? நேத்து சோப்பு தீந்துபோச்சு. கடைக்காரன் ஓசியில குடுத்த சோப்புப் பொடியக் குடுத்து, போர்வைய நனைச்சிடுன்னு முத்துமாரிகிட்ட சொன்னேன். அதப் போத்திக்கிட்டுப் படுத்தவரு ராத்திரியே போயிட்டாரு."

அப்பா தர்மன் ஒக்லாவில் ஒரு கம்பெனியில் சலவைப் பொடி கலக்கும் வேலையில் இருந்தவர். கறையைத் தின்னும் என்சைம் அந்நாளில் மாவுபோலப் பறக்கும். அது நெஞ்சில் இறங்கி, சிட்டிகை பட்டாலே இளைப்பு என்றாகிவிட்டது; சட்டையின் மேல் பொத்தான்களைப் பூட்டினால்கூட மூச்சு முட்டுகிறது என்பார். இப்போதெல்லாம் அதை மணியாக உருட்டி, மேல்பூச்சு கொடுத்துத்தான் கலக்கிறார்கள், வீட்டில் துவைப்பவர்கள் பயப்பட வேண்டாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இவர் மட்டும் எட்டியே இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் பார் சோப்புதான்.

பக்கத்து வீட்டு முத்துமாரி டீத்தட்டோடு வந்து நின்றிருந்தாள்.

"அந்த நீலப் பாக்கெட்டா? அட லூசுக்கா! அத நான் பிரிக்கவே இல்ல. அண்ணனுக்கு ஆகாதுன்னு சந்து நாய்க்குக்கூடத் தெரியும். என் சோப்பப் போட்டுத்தான் அலசினேன்."

தட்டை இளவரசியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் பாக்கெட்டை எடுத்து வந்தாள். பவுனு அதன் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் பிரியவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, 'எம் பொடியத் தூக்கிட்டுப் போயிட்டா'ன்னு தெருவக் கூட்டியிருப்பே."

பவுனு முத்துமாரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை. இளவரசி கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு பவுனு கூடத்துக்குப் போய் தர்மனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளிப்பாட்டியவர்கள் புதுச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்கள். மேல் பொத்தானைக் கழற்றினாள். ஒரு கணம் பார்த்தாள். அடுத்ததையும் கழற்றிவிட்டாள்.