அழுக்காகாத சட்டை

தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு. கீழ்ப்பிரிவு அணிகளுக்கான அந்தக் கால்பந்துக் கோப்பையில் இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே கிடையாது. சலவைக்கூடத்து அணி வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டிவிடும். அப்பேர்ப்பட்டவர்கள் இந்த வருஷம் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் இறுதிப் போட்டி, அதுவும் பெரிய ஸ்டேடியத்தில். நிஜமான புல்தரை, நிஜமான கேலரி, வெந்நீர் வரும் உடை மாற்றும் அறை. அந்த அறைக்குள் ஒருநாளாவது நுழைந்துவிட வேண்டும் என்று கோச் மனசுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

அவரைக் கஞ்சி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். இஸ்திரிப் பிரிவுக்கு மேஸ்திரி. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை போல எப்போதும் விறைப்பாக இருப்பார். வேலை முடிந்தால் அதே விறைப்போடு மைதானத்துக்கு வந்து விசில் ஊதுவார்.

மற்ற கோச்சுகள் ஆட்டம் முடிந்ததும் கோல் கணக்கைப் பேசுவார்கள். கஞ்சி சட்டைகளைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் துண்டு, யார் யாரோ கழற்றிப் போட்ட அழுக்கு என்று நாள் முழுக்கத் துவைப்பவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது தங்கள் அழுக்கைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டாமா? அதுதான் அவர் கட்சி. சுத்தமான சட்டையோடு ஒருத்தனும் வீட்டுக்குப் போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேரையும் கடைசி நேரத்திலாவது இறக்கிவிடுவார். சட்டை அழுக்கானால் ஆடினாய், அழுக்காகவில்லையா, நீ ஆடவே இல்லை. இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த மூன்று பேரில் ஒருவனுக்கு முழங்கால் போனபோதுதான் கஞ்சியின் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. மரப்பட்டறையில் வேலை பார்த்து, அந்தப் பட்டறை அணியிலேயே ஆடிக்கொண்டிருந்தவன். அங்கே வேலை போய்விட்டது. "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்று மனைவி நச்சரித்த நச்சரிப்பில், கஞ்சி முதலாளியிடம் சொல்லிச் சலவை யந்திரத்தில் அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அவன் வந்த கையோடு பூட்ஸையும் எடுத்து வந்தான்.

கோப்பைக்கு ஒரு விதி உண்டு. ஒரு பருவத்தில் ஓர் அணிக்காகக் களத்தில் இறங்கியவன் இன்னோர் அணிக்காக இறங்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. கஞ்சி அவனை யந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார்.

"பட்டறை டீமுக்குக் கோப்பையில ஆடினியா?"

மச்சினன் மறைக்கவில்லை. "மொத ரவுண்டுல கடைசியில எறக்கிவிட்டாங்க மாமா. போய் நின்னேன், விசில் ஊதிட்டாங்க. பந்தே என் பக்கம் வரல."

"சட்டை?"

"ஒரு பொட்டு அழுக்கில்ல. மடிச்ச மடிப்போட திருப்பிக் குடுத்தேன்."

"அப்புறம் என்ன, அது ஆட்டமே இல்ல போ."

அவன் தயங்கினான். "விதியில எறங்கினாலே..."

"விதி எழுதினவன் சட்டை தொவைச்சிருக்கானா? நான் சொல்றேன்ல."

சொல்லும்போதே உள்ளே ஏதோ நெருடியது. கஞ்சி அதை ஒரு தேய்ப்பில் அமுக்கிவிட்டார். ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். சரியான திமிர்.

அரையிறுதியில் எதிரே கண்ணாடித் தொழிற்சாலை அணி. மழை பெய்து மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. சலவைக்கூடம் இரண்டு கோல் முன்னால். ஆட்டம் முடியும் தறுவாய். மச்சினனை இறக்க வேண்டிய அவசியமே இல்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் பெஞ்சில் சுத்தமாக இருந்தது அவன் சட்டை ஒன்றுதான். கஞ்சியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. கையைத் தூக்கி ஆள் மாற்றினார்.

மச்சினன் ஓடிப் போய், தேவையே இல்லாத ஓர் இடத்தில் சறுக்கி விழுந்து, கழுத்துவரை சேறு பூசிக்கொண்டு எழுந்தான். பெஞ்சே சிரித்தது. கஞ்சிகூடச் சிரித்தார். அந்த அதிசயத்தைப் பற்றிக் கூடத்தில் பேசி முடிப்பதற்குள் புகார் வந்துவிட்டது. கண்ணாடி அணியின் கோல்கீப்பர் முதல் சுற்றில் பட்டறை ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தானாம். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டான்.

கால்பந்துச் சங்க அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சியும் மச்சினனும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில். நடுவில் இருந்தவர் சுற்றி வளைக்கவில்லை. அணி போட்டியிலிருந்து நீக்கம், கண்ணாடி அணி இறுதிக்குப் போகும், இதில் மாற்றமில்லை. கோச் தெரிந்தே இறக்கினாரா, ஆட்டக்காரர் மறைத்தாரா என்பதுதான் மிச்சக் கேள்வி. தெரிந்தே செய்திருந்தால் கோச் இனி எந்த மைதானத்திலும் விசிலைத் தொட முடியாது.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கஞ்சிக்கு விசில் ஞாபகம் வந்தது. வாரம் முழுக்க ஆவியில் வெந்து, அந்த ஒரு மாலைக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

"தெரியாதுங்க," என்றார். "கேட்டேன். ஆடவே இல்லன்னு சொல்லிட்டான்."

மச்சினன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, ஆளை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தான். அக்காவை நினைத்தானோ, வாங்கிக் கொடுத்த வேலையை நினைத்தானோ.

"ஆமாங்க," என்றான். "நான்தான் மறைச்சேன்."

அவனுக்கு இரண்டு வருஷத் தடை. அது சங்கம் கொடுத்த தண்டனை. கூடத்தில் கொடுத்ததற்குக் கணக்கில்லை. அவன் வந்து உட்கார்ந்தால் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். ஈரத் துணித் தள்ளுவண்டியை அவன் காலில் இடித்துவிட்டு, "ஐயோ, தெரியாம பட்டுடுச்சு, நீ மறைச்சியே அந்த மாதிரி," என்றார்கள். வீட்டில் அக்காவே சோற்றுத் தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். "என் புருஷன் மூஞ்சில கரியப் பூசிட்டியேடா பாவி!" கஞ்சி அடுத்த அறையில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இறுதிப் போட்டியில் கண்ணாடி அணி கோப்பையை அடித்துவிட்டது. அவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் துணியெல்லாம் இந்தக் கூடத்துக்குத்தான் வரும். மறுநாள் காலை மூட்டைகளோடு அந்தச் சட்டைகளும் வந்து இறங்கின. பிரித்துப் போடுகிற வேலையைக் கூடத்தார் மச்சினன் தலையில் கட்டினார்கள், வேண்டுமென்றே.

அவன் ஒவ்வொன்றாக உதறினான். புல் கறையைத் தனியாக, ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கத் தனியாகப் போட்டான். கடைசிச் சட்டையை உதறியவன் அப்படியே நின்றான். பிறகு அதை எடுத்துக்கொண்டு நேரே இஸ்திரிப் பிரிவுக்கு வந்தான். சுற்றிலும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மாமா, இதுல அழுக்கே இல்ல."

கஞ்சி வாங்கிப் பார்த்தார். பழக்க தோஷம், தையல் ஓரம் வரை திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

"கடைசி நிமிஷம் எறங்கினவனோடது. டிவியில பாத்தேன், இதே நம்பர்தான்," என்றான் மச்சினன். "இவனுக்கும் மெடல் போட்டாங்க. நீங்க சொல்லுங்க மாமா, இவன் ஆடினானா, ஆடலையா?"

"கொழுப்பப் பாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அந்த மனுஷன் வாழ்க்கையையே கெடுத்துட்டு, கேள்வி வேற கேக்கறான்."

மச்சினன் திரும்பவில்லை. கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். கூடமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கஞ்சி சட்டையை இஸ்திரி மேஜையில் விரித்தார், கையால் நீவினார், ஆவி கக்கும் மேல்பலகையை இழுத்து அழுத்தினார். ஆவி அடங்கும்வரை தலை நிமிரவில்லை.

"போய் வேலையப் பாருடா," என்றார்.