ஆவணி வரைக்கும் ஒரு வாய்தா

அரசாங்கத்தைத் திட்டித் திட்டியே கோர்ட்டில் பேர் வாங்கியவள் குருவம்மாள். போன வாய்தாவில் அரசு வக்கீல் சீனிச்சாமியை வராந்தாவில் மடக்கி, "காணாமப் போனது எம் புருசனா, ஒங்க பைலா?" என்று ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள், டவாலி முதல் டைப்பிஸ்ட் வரை சிரித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் இன்றைக்குக் காலையில், கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த டீக்கடையில், யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அதே சீனிச்சாமி முன்னால் போய் நின்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆத்தா, ஆரம்பிச்சிராதீங்க. இன்னைக்குப் பைலோட வந்திருக்கேன். ஒங்க வாய்க்குப் பயந்தே தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"என்ன சார் எழுதியிருக்கு?"

"முனியராஜ் அந்த விபத்துலதான் இறந்தாருன்னு அரசாங்கம் ஒத்துக்கிருச்சு. இனி என்ன, நீங்க ஒருநாள் சாட்சி சொன்னா இந்த மாசத்துக்குள்ள தீர்ப்பு."

இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்காக அவள் பஸ் ஏறி இறங்கினாளோ, அந்த வார்த்தை. குருவம்மாள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

சாத்தூர்ப் பக்கம் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட் ஒன்றில் மருந்து வெடித்தபோது உள்ளே இருந்தவன் அவள் புருஷன் முனியராஜ். உடம்பென்று எடுக்க எதுவும் மிஞ்சவில்லை. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று ஷெட்டுக்காரன் சாதித்துவிட்டான். தாலுகா ஆபீஸும் அதையே பிடித்துக்கொண்டு இறப்புச் சான்றிதழ் இல்லையென்றது. ஊர் சும்மா இருக்குமா? எவளையோ கூட்டிக்கொண்டு திருப்பூர் பக்கம் ஓடிவிட்டான் என்று கதை கட்டியது. 'என் புருஷன் ஓடவில்லை, செத்தார் என்று கோர்ட்டே சொல்லட்டும்' என்று அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டாள். அரசுத் தரப்பு எழுத்தில் பதில் தந்தால்தான் விசாரணை தொடங்கும். அந்தப் பதிலுக்குத்தான் இத்தனை வாய்தா.

"சார்..." குரலைத் தாழ்த்தினாள். "அதை இன்னைக்குக் குடுக்காதீக. ஆவணி முடியட்டும்."

சீனிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"ஆவணியில எம் மக ஓவியாவுக்குக் கலியாணம். கோர்ட்டு செத்துட்டாருன்னு சொல்லிருச்சுன்னா நான் இதை அறுக்கணும்." தாலிக் கயிற்றைத் தொட்டவள் உடனே கையை எடுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளையோட அம்மா பட்டுன்னு கேட்டுட்டாக. 'கேஸு முடியலேன்னா முகூர்த்தச் சேலைத் தட்டை நீங்க பொண்ணுக்கு எடுத்துக் குடுங்க. முடிஞ்சிருச்சுன்னா ஒங்க ஓரகத்தி குடுக்கட்டும், நீங்க பந்தியைப் பாருங்க'ன்னு. ஒத்தப் பிள்ளை சார் எனக்கு."

"ஒங்க வக்கீல் தவுபிக்குக்குத் தெரியுமா?"

தெரியாது. ஓவியாவுக்கும் தெரியாது. குருவம்மாள் தலை குனிந்தாள். சீனிச்சாமி பைலை எடுத்துப் பைக்குள் சொருகினார்.

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். சீனிச்சாமி எழுந்தார். "யுவர் ஹானர், பதில் இன்னும் தயாராகவில்லை. கூடுதல் அவகாசம் வேண்டும்."

நீதிபதி அம்மா பேனாவை மூடினார். "போன தடவை கடைசி வாய்ப்புன்னு சொன்னேனா இல்லையா? வெட்கமா இல்லை உங்களுக்கு?"

கேள்வி சீனிச்சாமிக்கு. சுட்டது குருவம்மாளுக்கு.

தவுபிக் சும்மா விடுவாரா? இளரத்தம். துள்ளி எழுந்தார். "கடுமையா ஆட்சேபிக்கிறேன் யுவர் ஹானர்! செத்துப்போன மனுஷனை ஊர் ஓடுகாலிங்குது. இவங்க வாய்தா கேக்கக் கேக்க அவர் இன்னும் ஓடிக்கிட்டே இருக்காரு!"

பின் பெஞ்சில் ஓவியா விசும்புவது கேட்டது. சீனிச்சாமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றார். ஒரு தடவையாவது அவர் திரும்பி முறைத்திருந்தால் குருவம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நீதிபதி இந்தப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்களை மறுபடி அலைய விடறாங்க. ஏதாச்சும் சொல்லணுமா?"

இப்போது சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லம்மா," என்றாள்.

புரட்டாசிக்குத் தள்ளிப் போட்டார்கள். சும்மா இல்லை. செலவுத் தொகையை அரசு வக்கீல் தன் கைப்பணத்திலிருந்து குருவம்மாளுக்குக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு.

வராந்தாவில் சீனிச்சாமி பணத்தை நீட்டியபோது ஓவியா குறுக்கே புகுந்தாள். "யாருக்கு வேணும் ஒங்க காசு? எங்கப்பா செத்தாருன்னு ஒரு வரி எழுத ஒங்களுக்கு எம்புட்டு நாளாகும்? ஒங்க வீட்டு ஆளுன்னா இப்படி விடுவீகளா? நீங்கள்லாம் மனுசங்களா?"

கூட்டம் கூடியது. தவுபிக், "விடும்மா, விடும்மா," என்றார். சீனிச்சாமி நீட்டிய கையை மடக்காமல், குருவம்மாளைப் பார்க்காமல் நின்றார். பார்த்தால் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஏய், அவரை விடு." குருவம்மாளின் குரல் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "அவரு எழுதிக் கொண்டாந்துட்டாரு. நாந்தேன் இன்னைக்குக் குடுக்காதீகன்னேன்."

தவுபிக்கின் வாய் திறந்தபடி நின்றது. ஓவியா மெதுவாகத் திரும்பினாள். "எதுக்கு?"

"ஒனக்குச் சேலைத் தட்டு நாங் குடுக்கணும்னு... கழுத்துல இது இருந்தாத்தானே..."

மகள் அழுதிருந்தால் தேவலை. கத்தியிருந்தாலும் தேவலை. குருவம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப ஆவணி வரைக்கும் எங்கப்பா எவ கூட இருப்பாரும்மா?"

அவ்வளவுதான். உள்ளே எதுவோ மடமடவென்று சரிந்தது. திருப்பூர்க் கதை பேசிய வாய்களோடெல்லாம் தெருவில் நின்று சண்டை பிடித்தவள் அவள். இன்றைக்கு அதே கதைக்கு அவளே சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு தட்டுக்காக.

"சார், பைலை எடுங்க," என்றாள் சீனிச்சாமியிடம்.

"உத்தரவு போட்டாச்சேம்மா..."

"எடுங்க சார்!"

வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை தவுபிக் அவள் பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் அனுமதி கேட்டு வழக்கைத் திரும்ப எடுக்கச் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என்னம்மா?"

"அந்த வக்கீல் சார் மேல தப்பில்லம்மா. பதிலு தயாரா இருக்கு. எங்கூட்டுக் கலியாணத்துக்காக நாந்தேன் ஒளிச்சு வைக்கச் சொன்னேன்."

யாரோ ஒருத்தர் 'ச்சே' என்றார். குருவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி சீனிச்சாமியை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். இவளை அதைவிட அதிகநேரம் பார்த்தார். அவள் கழுத்தையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவகாச உத்தரவை ரத்து செய்தார். பைல் மேஜைக்குப் போனது.

"உங்க சாட்சியம்தான் பாக்கி. எப்ப வர்றீங்க? கல்யாணம் முடிஞ்சு வர்றதுன்னாலும் சொல்லுங்க, நான் தேதி தர்றேன்."

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. நுழைந்தால் ஒருத்தரும் குற்றம் சொல்லப்போவதில்லை. பின் பெஞ்சில் மகள் இருக்கிற பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கே வாரேம்மா."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கினார். "கேக்கலைம்மா. சத்தமாச் சொல்லுங்க."

"நாளைக்கே," என்றாள் குருவம்மாள், கோர்ட் முழுக்கக் கேட்கும்படி.