செசிலியின் உறக்கத்துக்கு ஒரு பூசை

கடியப்பட்டணம் கரையில் செசிலி மீன் ஏலம் கூவத் தொடங்கினால், கலங்கரை விளக்கமே சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் என்பார் அவள் கணவன் ஞானதாசன். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனாலும் ஒரு கூட்டமே சேர்ந்து விலை கேட்கும் இரைச்சலில், யார் என்ன கேட்டார், எந்த மீன் எவருக்குப் போயிற்று என்று மனதுக்குள்ளேயே வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு ஒன்று விடாமல் ஒப்பிப்பதற்கு அந்தக் கரையில் வேறு ஆள் கிடையாது. ஆண்கள் மட்டுமே கூவிய இடத்தில் அவள் நின்றது அந்த ஞாபகத்தின் பலத்தில்தான்.

அந்த ஞாபகத்தில்தான் ஓட்டை விழுந்தது. ஒருநாள் காலை நல்ல நெய்மீன் ஒன்றை மீன் வாங்க வந்த ஜான்ரோசுக்கு விட்டாள். அடுத்த மூச்சில் அதே மீனை ரெனிஷாவுக்கும் விட்டாள். ஒருவர் தலையையும் மற்றவர் வாலையும் பிடித்து இழுத்த இழுப்பில் மீனுக்கே உயிர் திரும்பியிருக்கும். கரை மொத்தமும் சிரித்தது. செசிலி சிரிக்கவில்லை.

"மாத்திரைதான் காரணம்," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "காலையில தலைக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. இப்பிடிப் போனா இன்னும் ஆறு மாசத்துல கரையில வேற ஆளு கூவும்."

ஓகி புயலில் மகன் அனிஷ் போன வள்ளம் காணாமல் போனபோது வந்த உறக்க மாத்திரை அது. லட்சத்தீவில் கரையேறினான் என்று சேதி வரும்வரை அவள் கண் மூடவில்லை. அனிஷ் வந்தான், கல்யாணம் முடித்தான், துபாய்க்கும் போனான். அம்மாவின் உறக்கம் மட்டும் கரையேறவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை வருடக்கணக்காக வீட்டில் குடியிருந்தது.

செசிலி எதையும் யோசித்து நிற்கிறவள் அல்ல. அன்றைக்கே அட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். அதன்பிறகு வந்த ராத்திரிகளில் அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே வாசல்வரை நகர்ந்துவிட்டதாக ஞானதாசன் பின்னாளில் சொல்லுவார். வேர்வை, படபடப்பு, இப்போதே செத்துவிடுவோம் என்ற பயம். விடிந்ததும் நாகர்கோவிலுக்கு டாக்டர் நந்தனாவிடம் அழைத்துக்கொண்டு ஓடினார்.

"ஒரேயடியா நிறுத்தினீங்களா? வலிப்பு வந்திருந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று டாக்டர் திட்டினார்.

"விலையை ஒரே தாவலா ஏத்துகவ நான். இறக்கவும் அப்பிடித்தான்னு நெனச்சுப்போட்டேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி மாத்திரையைத் தொடங்கச் சொல்லி, பையப் பைய இறக்கும் வழியைச் சொன்னார். கால் துண்டு குறைப்பது, உடம்பு அதற்குப் பழகும்வரை காத்திருப்பது, பிறகுதான் அடுத்தது. எப்படி உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். பகல் உறக்கம் கூடாது. மத்தியானத்துக்கு மேல் சாயா கூடாது. உறக்கம் வரவில்லையென்றால் படுத்துப் புரளாமல் எழும்பிப் போய் ஏதாவது சலிப்பான வேலை பார்க்க வேண்டும். படுக்கிற அறையில் கடிகாரமே இருக்கக் கூடாது.

"இன்னொண்ணு. காலையில 'உறங்கினியா'ன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டா அதுவே பெரிய பரீட்சையாயிரும்." டாக்டர் ஞானதாசன் பக்கம் திரும்பினார். "முக்கியமா நீங்க."

ஞானதாசன் அந்த வைத்தியத்தில் பட்ட பாடு செசிலிகூடப் படவில்லை. தினமும் காலையில் கேள்வி தொண்டைவரை வந்து நிற்கும். சாயாவை ஊற்றி உள்ளே தள்ளுவார். செசிலி இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. 'தூக்க மாத்திரைக்காரி' என்று கரையில் ஒரு பெயர் விழுந்தால் அவள் கூவும் விலையை எவன் நம்புவான்?

அவளிடம் கேட்க முடியாதவர் ஆண்டவரிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கோயில் அலுவலகத்துக்குப் போய், பூசையில் வேண்டிக்கொள்வதற்குக் கருத்து எழுதிக் கொடுத்தார். சாமியார் பலிபீடத்தில் மனதுக்குள் சொல்லிக்கொள்வார் என்று நினைத்தாராம். பிறந்த நாள் முதல் அந்தக் கோயிலில் பூசை கேட்கிற மனிதர்! கருத்துகளை மைக்கில்தான் வாசிப்பார்கள் என்பதும், கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் நாலு திசைக்கும் பார்த்திருக்கிறது என்பதும் அந்த ஒருநாள் அவருக்கு மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில், இறந்துபோன இரண்டு பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு நடுவே குழாய் முழங்கியது. "ஏலக்கார செசிலி மாத்திரை இல்லாமல் நல்ல உறக்கம் பெற வேண்டி, கணவர் ஞானதாசன் குடும்பத்தார்."

நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிலுவை போட்டுக்கொண்டார்களாம்.

பெண்கள் பக்கத்தில் முட்டிபோட்டிருந்த செசிலி தலையைத் திருப்பி ஆண்கள் பக்கத்தைப் பார்த்தாள். ஞானதாசன் தூணுக்குப் பின்னால் மெலிந்து நின்றார்.

பிறகு நடந்ததைக் கேட்கவா வேண்டும்? ஜாதிக்காயோடு ஒருத்தி வந்தாள், கசகசாவோடு இன்னொருத்தி. ரெனிஷா எருமைப்பால் கொண்டுவந்தாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும், "உறங்குனியா மக்கா?" என்றார்கள். அன்பு, முழுக்க அன்பு. அந்த அன்பின் கனத்தில் அன்று ராத்திரி செசிலி எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரே நான் உறங்குகேனாண்ணு பாத்துக்கிட்டு இருக்கு. பின்ன எப்பிடி உறங்க? நெஞ்சு கெடந்து அடிக்கு. முழு மாத்திரையா ஒண்ணு எடுத்துத் தாங்க."

"நான்தான் மடையன். இந்தா எடுக்கேன்." ஞானதாசனுக்கு அலமாரியைத் திறக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அவர் புத்தி கெட்டுச் செய்த வேலையால் அவள் இத்தனை நாள் இறங்கிய படியெல்லாம் போகிறது.

செசிலி மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நெய்மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரிடமே நீட்டினாள்.

"உள்ள வையுங்க. அந்த உள்ளிக் கூடையை எடுங்க."

இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான உள்ளி. படபடப்பு வந்தது, அவள் கை நின்றது. "வந்திருக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "போகுது," என்றாள். ஞானதாசன் உள்ளியின் மேல் பழியைப் போட்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு பொட்டு உறக்கமில்லாமல் விடிந்தது.

கரையில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். செசிலியின் கண்ணைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஜான்ரோஸ் வாய் திறந்தான். "அக்கா, நேத்து உறங்..."

"உறங்கலை லே!" அவள் குரல் அலைக்கு மேலே எழும்பியது. "ஒரு பொட்டு உறங்கலை. போதுமா? இனி என்கிட்ட விலை மட்டும் கேளு. உறக்கத்தைக் கேக்கவன் மீன் வாங்க அஞ்சுகிராமத்துக்குப் போட்டும்."

"அங்க கடலே இல்லியேக்கா!"

"அது உன் பாடு சவமே. சாளை ஒரு கூறு! யாரு கேக்கிய?"

ஞானதாசன் படகு நிழலில் மூச்சுப் பிடித்து நின்றார். அவள் கூவினாள். சாளை, அயிலை, விளமீன், பாறை. வெயில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கு எது என்று வரிசையாகச் சொன்னாள். ஒன்று பிசகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். "உறங்காட்டாலும் செத்துப்போவ மாட்டோம் போலிருக்கே!"

அதன்பிறகும் எல்லாம் நேர்கோட்டில் இறங்கிவிடவில்லை. சில துண்டுகளில் மாதக்கணக்காக நின்றாள். நிற்கலாம், ஏறாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். மாத்திரை பாதியாகி, காலாகி, கடைசியில் சவ்வரிசி அளவுக்குத் தேய்ந்து ஒருநாள் இல்லாமலே போயிற்று. உலகத்தில் மலை ஏறினவர்களை எல்லாம் கொண்டாடுகிறார்கள். இப்படி இறங்கினவளுக்கு யார் மாலை போட்டார்கள் என்று ஞானதாசனுக்கு இன்றும் கோபம்.

கடைசி முறை நாகர்கோவில் போனபோது டாக்டர் கேட்டார். "இப்பவும் பயம் வருதா?"

"வரும். இருந்திட்டுப் போண்ணு விட்டிருவேன். கொஞ்ச நேரம் இருக்கும், பேச்சுத்துணை இல்லேண்ணா எழும்பிப் போயிரும்."

டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் செசிலி. ராஜாக்கமங்கலம் வருவதற்குள் அவள் தலை ஞானதாசன் தோளில் சாய்ந்தது. அவர் அசையவில்லை. தோள் மரத்தது, மூக்கு அரித்தது, அசையவில்லை. ஆரன் அலறியது, பள்ளிப் பிள்ளைகள் கத்தின. அதற்கெல்லாம் மேலே அவள் குறட்டை கேட்டது. அந்தப் பேருந்து திருவனந்தபுரம்வரை போனாலும் அப்படியே போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் பகல் உறக்கம் கூடாது. இத்தனை பாடுபட்டு அவள் சேர்த்த ராத்திரியை இவர் ஆசைக்குச் செலவழிக்கலாமா? முட்டம் வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளை உலுக்கினார்.

"ஏட்டி, எழும்பு. பகல்ல உறங்கக் கூடாதுல்லா."

அவள் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திகைத்தாள். "நானா உறங்குனேன்?"

"நீயேதான்."

"குறட்டை?"

"டிரைவர் வண்டிக்குத்தான் ஏதோ கோளாறுண்ணு ரெண்டு இடத்துல நிறுத்திப் பாத்தாரு."

செசிலி சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடியப்பட்டணத்தில் இறங்கி, அவருக்காகக் காத்திராமல் வேகமாக நடந்தாள். ராத்திரி வருவதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு எந்த விசாரமும் இருந்ததாகத் தெரியவில்லை.