இருநூறு மீட்டர் பக்தி

கஞ்சன்ஜங்காவின் உச்சியில் நாங்கள் யாரும் கால் வைப்பதில்லை. மேலே இருப்பது தெய்வம். சில அடிகள் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். அடிவார முகாமில் பூஜை நடந்த அன்று, வெளிநாட்டிலிருந்து மலையேற வந்த ரோல்ஃபுக்கு இதை விளக்கிச் சொன்ன மடையன் நான்தான். அவன் கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். அதைப் படம் எடுக்கவும் சொன்னான்.

பணம் கட்டி மலையேற வருகிறவர்களை நாங்கள் மெம்பர் என்போம். இந்த மெம்பருக்காகக் காப்பி இயந்திரம் ஒன்று யாக் மாட்டின் முதுகில் ஏறி வந்தது. கூடாரம் அடிக்க, பனியை உருக்கிக் குடிக்கக் கொடுக்க, பூட்ஸ் வாரை இறுக்கிவிட நாங்கள் ஆறு பேர். ஆனால் சாயங்காலமானால் செயற்கைக்கோள் போனில் ஊருக்குப் பேசுவான், மலையும் தானும் மட்டும் தனியே இருப்பதாக. அவன் பேசி முடிக்கும்வரை காற்றுக்குத் தடுப்பாகப் பின்னால் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் சமையல்காரர்.

நான் சர்தார், கூட்டத்துக்குத் தலைவன். எனக்கு அடுத்தபடி பால்மு, எங்கள் குன்சா ஊர்ப் பெண். ஏழு வருடமாகச் சுமை தூக்குகிறாள், கயிறு கட்டுகிறாள். அவள் சேர நினைத்த வழிகாட்டிப் பயிற்சிக்கு எட்டாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில் ஏறிய சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசிவரை மூட்டைதான். போன தடவை புயல் வந்து கெடுத்தது. இந்தத் தடவை வாங்கிவிடுவாள் என்று எல்லாருமே நம்பினோம்.

உச்சி ஏறும் நாளன்று காலை பத்து மணி. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. பால்மு கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள், அவளுக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம்தான். உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே ரோல்ஃப் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. உதடு நீலம், பேச்சு குழறல். என் ஒருத்தனால் அவனை இறக்க முடியாது. வாக்கிடாக்கியில் பால்முவைக் கூப்பிட்டேன், நீ இறங்கி வராவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்றேன். அவள் ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

பதினோரு மணி நேரம் அவனைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். தன் ஆக்ஸிஜனைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள் பால்மு. கொஞ்சம் தெளிந்ததும் துரை பேசிய முதல் பேச்சு, தன் பனிக்கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்பது.

மூன்றாம் நாள் அடிவாரத்தில் முகம் மழித்து, காப்பி குடித்து, போனை எடுத்தான். உச்சி ஏறியாயிற்று என்று வாய் கூசாமல் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்ததும் போய்க் கேட்டேன்.

"நீதானே சொன்ன, உச்சிக்குக் கீழயே நின்னுடணும்னு? நின்னுட்டேன்" என்றான்.

நாங்கள் நிற்பது சில அடி, நீ நின்றது இருநூறு மீட்டர் என்றேன். அப்படியானால் தன் பக்தி பெரிது என்றான். முகத்தில் ஒரு வெட்கம் வேண்டுமே!

சான்றிதழுக்கான படிவத்தில் உச்சி ஏறிய எல்லாருடைய பெயரும் வரும், அவரவரும் கடைசியில் சர்தாரும் கையெழுத்துப் போட வேண்டும். ரோல்ஃப் பெரிய மனது பண்ணி எங்கள் பெயர்களையும் எழுதியிருந்தான். சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த பால்முவிடம் அதைக் கொண்டுபோனேன். நான் கூப்பிடாவிட்டால் உச்சிக்குப் போயிருப்பாய், உனக்குச் சேர வேண்டியதுதான், பேசாமல் கையெழுத்துப் போடு என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "நீங்க கூப்பிட்டீங்கன்னு எறங்கி வந்தேண்ணே. இதுல போட்டா, நான் எறங்கி வரவே இல்லன்னு ஆயிடும்" என்றாள். தன் பெயரை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ரோல்ஃபைக் காறித் துப்ப எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அடுத்த வருடம் ஐந்து மெம்பர்களை அழைத்து வருவதாக அவன் சொல்லியிருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். அவனுக்குச் சான்றிதழ் வந்தது, எனக்கும் வந்தது. என் பெயரை அழகாகத்தான் அச்சடித்திருந்தார்கள்.

மறு வசந்தத்தில் பால்மு வேறொரு சர்தாரிடம் மூட்டை தூக்கப் போனாள். வழியில் மறித்து, என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோபம்லாம் இல்லண்ணே" என்றாள். "இனிமே மேல இருக்கும்போது நீங்க கூப்பிட்டா, உங்க வார்த்தைய நம்பி எறங்கணும்ல."

சுமைப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.