அக்கா எழுதிய விண்ணப்பம்

கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த கீதாஞ்சலி செருப்பைக் கழற்றுவதற்குள் பிரியங்கா அந்தப் படிவத்தோடு வந்து நின்றாள்.

“அக்கா, இத நீங்கதான் எழுதிக் குடுக்கோணும். வாயில சொல்லச் சொன்னா சொல்லிப்போடுவேன். பேனாவ எடுத்தா ஒண்ணும் வரமாட்டீங்குதுங்க்கா.”

கீதாஞ்சலி வாங்கிப் பார்த்தாள். கோவையில் ஓர் அறக்கட்டளை, கிராமத்தில் விவசாயம் பார்க்கும் பெண்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை. மண்ணும் நீரும் பற்றி ஒரு வருடப் படிப்பு. கட்டணம், விடுதி எல்லாம் அவர்களே. பத்துப் பேருக்குத்தான் இடம். ‘உங்கள் நிலத்தில் நீங்களாகச் செய்தது என்ன, படித்துவிட்டு என்ன செய்வீர்கள்’ என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். விண்ணப்பிப்பவர் மூன்று வருடமாவது தானே விவசாயம் செய்தவராக இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

பெருமாநல்லூரை ஒட்டிய அந்த ஊரில் பொன்னுச்சாமி வீட்டுக்கு இருவரும் மருமகள்கள். மூத்தவள் கீதாஞ்சலி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க, பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுகிறவள். இளையவள் பிரியங்கா பன்னிரண்டாவதோடு நின்றவள். நாலு வருடமாக வீட்டின் மூன்று ஏக்கர் தோட்டமும் அவள் பொறுப்பில். கீதாஞ்சலிக்கு ஒரு காலத்தில் வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வாசலுக்கே கம்பெனி வேன் வந்து வேலைக்கு ஏற்றிப் போகிற ஊரில் மண்ணைக் கிளறுகிற படிப்பு எதற்கு என்று அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாமனார் அவளிடம் தினமும் கேட்டது ஒன்றுதான்: “வேன் வந்துருச்சா கண்ணு?” பிரியங்காவிடமோ, எந்த வயலில் வெங்காயம், எதில் சோளம், மோட்டாரை எப்போது போடுவது என்று காலைக் காப்பிக்கு முன்னாலேயே கேட்பார். அவள் சொன்னபடியே செய்வார். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் கீதாஞ்சலிக்கு வயிறு எரியும்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ‘விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு’ என்று தொடங்கி, ‘ஏழைக் குடும்பத்துப் பெண்ணாகிய எனக்குத் தாங்கள் கருணை கூர்ந்து’ என்று முடித்தாள். பிரியங்கா தோட்டத்தில் செய்தது எதுவும் அதில் இல்லை. இதே மாதிரி நூறு விண்ணப்பம் வரும், படிக்கிறவர் பாதியிலேயே அடுத்ததை எடுத்துவிடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிரியங்காவின் போன் உடைந்து கிடந்ததால் தொடர்புக்குத் தன் எண்ணையே போட்டாள்.

படித்துப் பார்த்த பிரியங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எத்தன அழகா எழுதிப்போட்டீங்க! எனக்கு இது சென்மத்துக்கும் வராதுங்க்கா.”

கீதாஞ்சலி தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அறக்கட்டளையிலிருந்து முனவர் பேகம் என்ற அம்மா.

“பிரியங்கா வீட்டுல பேசறீங்களா? கடிதத்துல அந்தப் பொண்ணே இல்லீங்களே. தோட்டத்துல என்ன செஞ்சாங்க, எது பலிச்சுது, எது பலிக்கல? அத எழுதச் சொல்லுங்க. உதவி பண்ணுங்கன்னு எல்லாருந்தான் எழுதறாங்க. இன்னும் பத்து நாள் டைம் இருக்கு.”

“சொல்லிடறேங்க.”

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையில் மாமனார் பிரியங்காவிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்கும்போது, இன்னும் எட்டு நாள், இன்னும் ஏழு நாள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துப் பக்கம் போனவள், முருங்கைக் கன்றுகளுக்கு நடுவே பிரியங்கா குனிந்து துணியை உருவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அந்தத் துணிக்கு ஒரு கதை உண்டு. அவர்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாய்ச்சப் பாய்ச்ச மண் மேல் வெள்ளை பூக்கும். போன ஐப்பசியில் பிரியங்கா கேட்டாள் என்று கீதாஞ்சலி கம்பெனியிலிருந்து சாயம் ஏறாத பருத்தித் துணியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் இரண்டு மூட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பிரியங்கா ஒரு வரிசைக் கன்றுகளின் அடியில் அதை விரித்தாள்; பக்கத்து வரிசையை வெறுமனே விட்டாள். வெறும் வரிசைக்கு மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர், துணி போட்டதற்கு எட்டு நாளைக்கு ஒன்று. தண்ணீர் குறைந்தது, உப்பும் குறைந்தது. ஞாயிறுதோறும் எதேச்சையாக வருகிறவள்போல வந்து கீதாஞ்சலி அதைப் பார்த்துவிட்டுப் போவாள்.

“எதுக்குப் புள்ள எடுக்கற?”

“மிதியடிக்காச்சும் ஆகுமுங்க்கா. நீங்க அத்தன நல்லா எழுதியும் பதிலக் காணோம். இந்தத் துணி சமாச்சாரத்த நீங்களே எழுதாம உட்டுட்டீங்க. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், இதெல்லாம் ஒரு வேலையில்லைன்னு.”

பாதி வரிசைக்கு மேல் துணி போய்விட்டிருந்தது. கீதாஞ்சலி எல்லாவற்றையும்விடப் பொறாமைப்பட்டது இந்த ஒரு வரிசையைப் பார்த்துத்தான். அது கண் முன்னால் அழிவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“எடுக்காத. போன் வந்துச்சு. மறுபடி எழுதச் சொன்னாங்க. அஞ்சு நாளாச்சு.”

“மறந்துட்டீங்களாக்கா?”

“மறக்கல. சொல்லல. மொதல்ல எழுதுனதும் வேணும்னேதான் அப்படி எழுதுனேன்.”

பிரியங்கா துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஏனுங்க்கா? நானு உங்களுக்கு என்ன பண்ணுனேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. அது நான் படிக்க நெனச்ச படிப்பு. எடங் கெடச்சும் எங்கப்பா அனுப்பல. உன்னையப் பாத்தா எனக்கு ஆகமாட்டீங்குது, அவ்வளவுதான்.”

பிரியங்கா வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்று சாயங்காலம் கீதாஞ்சலி போட்டுக் கொடுத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மறுநாள் கீதாஞ்சலி வேனிலிருந்து இறங்கும்போது பிரியங்கா பேப்பரும் பேனாவுமாக வாசலிலேயே நின்றாள். “ஒக்காருங்க. நானும் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். ஒவ்வொரு வரியும் எனக்குப் படிச்சுக் காட்டோணும்.” குரலில் பழைய ஈரம் இல்லை.

கீதாஞ்சலி எழுத ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்கக் காத்திருந்த பிரியங்காவுக்கு வேலையே இருக்கவில்லை. எந்தத் தேதியில் கன்று வைத்தது, எந்த வாரம் மண்ணில் வெள்ளை பூப்பது நின்றது, எல்லாம் தானாக வந்து விழுந்தது. முதல் தடவை துணியைத் தண்டோடு ஒட்டி விரித்ததில் பதினோரு கன்று அழுகிச் செத்தது என்று எழுதியதும் பிரியங்கா கையைப் பிடித்தாள்.

“அத எழுதாதீங்க. மட்டமா நெனப்பாங்க.”

“அதத்தான் எழுதோணும். எது பலிக்கலைன்னு அந்தம்மா கேட்டாங்கல்ல? தப்பப் பாத்து, அடுத்த தடவ உள்ளங்கை அளவு எடம் உட்டு விரிச்சது நீதான?”

“இத்தனையும் உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?”

“பொறாமைல பாத்தது. ஒண்ணும் மறக்கல.”

பிரியங்கா சிரிக்கவில்லை. “அப்ப மிச்சத்தையும் எழுதுங்க. மூட்டையச் சுமந்துட்டு வந்து குடுத்தது எங்கக்கான்னும் எழுதுங்க.”

கீதாஞ்சலி தலை நிமிராமல் அதையும் எழுதினாள். ஊரில் உப்புத் தண்ணீர் பாய்கிற மற்றப் பதினாலு தோட்டத்திலும் படித்துவிட்டு வந்து இதைச் செய்து பார்ப்பேன் என்று பிரியங்கா சொன்னதைக் கடைசி வரியாக வைத்தாள்.

பத்துப் பேரில் பிரியங்கா பெயரும் வந்தது. அவள் கிளம்பிய அன்று பொன்னுச்சாமி பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், சின்ன மருமகள் எழுதிய கடுதாசியைப் பார்த்துக் கோவையில் அசந்துபோய்விட்டார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“எழுதுனது அக்காங்க மாமா,” என்றாள் பிரியங்கா.

“அப்படியா?” என்றவர், பஸ் வருவதைப் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

பிரியங்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். கீதாஞ்சலியும் அசைத்தாள். சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால், இல்லை, அந்த சீட்டில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. “அக்கா, மண்ணு சோதனை பத்தி நாலு பக்கம் எழுதோணுமாம். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க.” குரலில் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனாலும் அவளாகத்தான் கூப்பிட்டிருந்தாள்.

கீதாஞ்சலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “எழுதறது அப்பறம். மொதல்ல அவங்க நடத்துன பாடத்தச் சொல்லு. ஒண்ணு உடாம எல்லாத்தையும் சொல்லு.”